பிரேக் யார் கையில்? ஷோரூமா, தெருமுனை மெக்கானிக்கா... ஒரு நூற்றாண்டு வழக்கு!

சென்னையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எளாவூர். லாரி ஓட்டுநர்களுக்கு இந்தப் பெயர் சோதனைச்சாவடியால் மனப்பாடம். கல்கத்தா நெடுஞ்சாலை (முன்பு என்.எச். 5, இப்போது என்.எச். 16) வழியாகப் போகிற வண்டிகளெல்லாம் இங்கே வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். குறைக்க வேண்டுமென்றால் பிரேக் பிடிக்க வேண்டும்!

இந்தச் சாலையில் ஒரு கார் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது முன்சக்கரத்திலிருந்து 'கிரீச்' என்று ஒரு சத்தம். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். காரின் சொந்தக்காரர் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து, நாள் குறித்து, ஏ.சி. அறையில் உட்கார்ந்து, கடைசியில் பில்லைப் பார்த்து வியர்ப்பது. இன்னொன்று, வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போய், "அண்ணே, என்னன்னு பாருங்க" என்று சாவியைக் கொடுப்பது.

இது ஏதோ வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிதான் தெரியும். ஆனால் இந்த ஒரு கேள்விக்காக இந்தியாவில் 14 கார் கம்பெனிகள் மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது என்றால் நம்ப முடிகிறதா? அந்தக் கதையைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஷோரூம் வந்தது, போனது

கார் இந்தியாவுக்கு வந்த காலத்தில் அது பணக்காரர்களின் பொருள். விற்ற கம்பெனிக்காரரே பழுதும் பார்ப்பார். சென்னையில் சிம்ப்சன், அடிசன் போன்ற நிறுவனங்கள் மவுண்ட் ரோட்டில் இதைத்தான் செய்தன. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம், பஸ் ஓட்டுவதில் ஆரம்பித்து, பிறகு வண்டி விற்பனை, பழுதுபார்ப்பு என்று வளர்ந்தது. அதுதான் டி.வி.எஸ்.

அமெரிக்கக் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1920-களிலேயே இங்கே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்க ஆரம்பித்துவிட்டன. 1948-ல் எண்ணூரில் (ஆமாம், சென்னைக்கும் எளாவூருக்கும் நடுவே இருக்கும் அதே எண்ணூர்தான்) அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. முதலில் அவர்கள் பூட்டியது லாரி அல்ல, ஆஸ்டின் ஏ40 கார்! 1955-ல்தான் அது அசோக் லேலண்ட் ஆனது.

1953-ல் ஒரு திருப்பம். சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரை செய்தது: இந்தியாவிலேயே படிப்படியாகப் பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் இருப்பவர்கள் மட்டும் தொழில் செய்யலாம், வெறுமனே பூட்டி விற்கிறவர்களுக்கு இடமில்லை. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. அவர்கள் விற்ற வண்டிகள் மட்டும் இங்கேயே நின்றன.

கம்பெனி போய்விட்டது, வண்டி இருக்கிறது, பிரேக் தேய்கிறது. யார் பார்ப்பது? மெக்கானிக்தான். இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

அம்பாசடர் காலம்: எல்லாருக்கும் தெரிந்த வண்டி

அடுத்த முப்பது வருடங்களுக்கு இந்தியாவில் கார் என்றால் மூன்றே பெயர்கள்தான். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட் (பின்னாளில் பிரீமியர் பத்மினி), நம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாடல் மாறவே மாறாது.

வாங்குபவருக்கு இது கொடுமை. ஆனால் மெக்கானிக்குக்கு? பொற்காலம்! ஒரே வண்டி, ஒரே பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஷூ, இரண்டு ஸ்பிரிங், ஒரு வீல் சிலிண்டர். ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்தால் புது லைனிங் அடிக்கலாம். சிலிண்டரில் ஆயில் கசிந்தால் ரப்பர் கிட் மாற்றலாம். டிரம் கோடு விழுந்தால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். பிறகு ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து ஏர் எடுக்க, வேலை முடிந்தது.

இதற்குக் கம்ப்யூட்டரோ ரகசியக் குறியீடோ கம்பெனியின் அனுமதியோ வேண்டாம். ஒரு பையன் பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்து, இருபத்தைந்து வயதில் தனியாகக் கடை போட்டான். (பன்னிரண்டு வயதுப் பையன் வேலைக்கு வந்தது சரியில்லைதான். ஆனால் அப்படித்தான் நடந்தது.) பாகங்கள் வேண்டுமா? சென்னையில் ஜி.பி. ரோடு இருந்தது. பழையது போதுமா? புதுப்பேட்டை இருந்தது. அறிவும் பாகமும் இரண்டுமே தெருவில் கிடைத்தன.

இதில் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. அந்தக் கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை ஊதித் தள்ளுவது வழக்கம். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன் என்பது பல மெக்கானிக்குகளுக்குச் சொல்லப்படவே இல்லை. மலிவான பிரேக் வேலையின் விலையை யாரோ ஒருவர் உடம்பால் கட்டினார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாடியில் பிறந்த பிரேக்

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. இந்தியாவின் பிரேக் வரலாற்றில் திருவள்ளூர் போகும் சாலைக்கு ஒரு பெரிய இடம் உண்டு. சென்னையிலிருந்து பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகிறதே, அந்த சி.டி.எச். ரோடு.

1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்தது. 1964-ல் ரானே குழுமம் பிரேக் லைனிங் கம்பெனி தொடங்கியது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. முன்னால் சொன்ன 'இந்தியாவிலேயே செய்' கொள்கையின் பலன் இது. காருக்குள் இருக்கும் பிரேக்கைக் கார் கம்பெனி செய்வதில்லை, அதற்கென்று இருக்கும் இப்படிப்பட்ட கம்பெனிகள்தான் செய்து கொடுக்கின்றன.

இது ஏன் முக்கியம்? ஒரு பிரேக் பேட் ஒரு பாகக் கம்பெனியில் தயாராகிறது. அதில் ஒரு பங்கு கார் தொழிற்சாலைக்குப் போய்ப் புது வண்டியில் ஏறுகிறது. இன்னொரு பங்கு கார் கம்பெனியின் பெயர் போட்ட டப்பாவில் சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. மூன்றாவதாக, செய்த கம்பெனியின் சொந்தப் பெயரிலேயே ஜி.பி. ரோடு கடைக்கும் போகலாம். உதாரணமாக பிரேக்ஸ் இந்தியாவின் 'டி.வி.எஸ். கர்லிங்' டப்பாவைப் பார்க்காத மெக்கானிக் இருக்க முடியாது.

'போகலாம்' என்றுதான் சொல்ல முடியும். 'போகும்' என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த மூன்றாவது வழியைக் கார் கம்பெனி ஒப்பந்தம் போட்டு அடைத்துவிட முடியும். வழக்கே அதுதான்!

புது வண்டிகள், பூட்டிய பெட்டிகள்

1983 டிசம்பர் 14. முதல் மாருதி 800-ன் சாவி கைமாறியது. அதன் பிறகு எல்லாம் மாறியது. 1991-ல் தாராளமயம். 1995-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்குள் கார் கம்பெனிகள் வரிசையாக வந்தன. மறைமலை நகரில் ஃபோர்டு (1954-ல் போனவர்களேதான்!), இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் செய்வதற்காக ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். 1998-ல் சான்ட்ரோவும் லான்சரும் ரோட்டுக்கு வந்தன.

கூடவே பிரேக்கும் மாறியது. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் சாதாரணமானது. பிறகு ஏபிஎஸ். திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார், நடுவில் ஒரு கம்ப்யூட்டர். உலகத்தில் 1978-ல் பாஷ் கம்பெனி மெர்சிடிஸ் காருக்குக் கொடுத்தது, இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. சில கார்களில் கை பிரேக்கே காணாமல் போய், ஒரு பட்டன் வந்துவிட்டது. அந்த வண்டிகளில் பின் பிரேக் பேட் மாற்ற வேண்டுமென்றால் முதலில் ஸ்கேனரைச் சொருகி, மோட்டாருக்கு 'பின்வாங்கு' என்று கட்டளை கொடுக்க வேண்டும். ஸ்பேனர் மட்டும் வைத்திருப்பவர் அங்கே நிற்க வேண்டியதுதான்.

ஆக, மெக்கானிக்குக்கு மூன்று பூட்டுகள். ஒன்று, பாகம் கடையில் கிடைக்காது. இரண்டு, ஸ்கேனரும் கையேடும் கிடைக்காது. மூன்று, "வெளியே கை வைத்தால் வாரண்டி கிடையாது" என்று வாடிக்கையாளருக்கு ஒரு மிரட்டல். மூன்றில் எது தானாக வந்த தொழில்நுட்ப மாற்றம், எது வேண்டுமென்றே போட்ட பூட்டு? இந்தக் கேள்வி ஒருநாள் யாராவது கேட்டே ஆகவேண்டியிருந்தது.

ஒரு புகார் கிளம்புகிறது

2011 ஜனவரி. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். எதிர்த்தரப்பு: ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட். குற்றச்சாட்டு சுருக்கமாக இதுதான். ஒரிஜினல் பாகங்கள் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை, பழுதைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் தகவல்களும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தரப்படுவதில்லை, அதனால் சர்வீஸ் சென்டர் சொல்வதே விலை.

போட்டிச் சட்டம் 2002-ல் வந்தாலும், ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே 20-ல்தான். அதாவது சட்டத்துக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. ஆணையத்தின் விசாரணைப் பிரிவு தோண்ட ஆரம்பித்ததும், 'இது மூன்று கம்பெனியோடு நிற்கிற விஷயம் இல்லை' என்று தெரிந்தது. விசாரணை 17 கம்பெனிகளுக்கு விரிந்தது. நம் பக்கத்து ஹூண்டாய், 'புகாரில் எங்கள் பெயரே இல்லையே' என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2015 பிப்ரவரியில் அந்த மனு தள்ளுபடியானது.

அதற்கு முன்பே, 2014 ஆகஸ்ட் 25 அன்று, 14 கம்பெனிகள் மீது தீர்ப்பு வந்துவிட்டது. மொத்த அபராதம் 2,544.65 கோடி ரூபாய். டாடா மோட்டார்ஸ் 1,346.46 கோடி, மாருதி 471.14 கோடி, மஹிந்திரா 292.25 கோடி, டொயோட்டா 93.38 கோடி, ஜெனரல் மோட்டார்ஸ் 84.58 கோடி, ஹோண்டா 78.47 கோடி, ஃபோர்டு 39.78 கோடி, அம்பாசடர் புகழ் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 13.85 கோடி என்று பட்டியல் நீள்கிறது. நிசான் கட்ட வேண்டியது 1.63 கோடி. ஹூண்டாய்க்குத் தனியாக 2015 ஜூலையில் 420.26 கோடி.

டாடாவுக்கு ஏன் இவ்வளவு? அவர்கள் மற்றவர்களைவிட அதிகத் தப்பு செய்தார்கள் என்பதால் அல்ல. மூன்று வருட சராசரி விற்றுமுதலில் 2 சதவீதம் என்பதுதான் கணக்கு. லாரி, பஸ் எல்லாம் சேர்த்து டாடாவின் விற்றுமுதல் பெரியது. ஸ்பேர் பார்ட்ஸில் செய்த தவறுக்கு மொத்த வியாபாரத்தின் மேல் அபராதமா? இந்தக் கேள்வியும் பின்னால் வரும்.

கம்பெனிகள் சொன்னது என்ன?

காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தேர்வுக்கே வரலாம்!

கம்பெனிகள் வைத்த முதல் வாதம்: "எங்களுக்கு எங்கே ஏகபோகம்? கார் சந்தையில் இத்தனை பேர் போட்டி போடுகிறோம். வாடிக்கையாளர் கார் வாங்கும்போதே பிற்காலச் செலவையும் கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார். பாகம் விலை அதிகம் என்றால் வேறு கார் வாங்கிவிடுவார். ஆகவே காரும் பாகமும் ஒரே சந்தை."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷோரூமில் கார் பார்க்கும்போது, 'ஐந்தாவது வருடம் பின் பிரேக் ஷூ என்ன விலை?' என்று கேட்டவர் எத்தனை பேர்? கேட்டாலும் பதில் சொல்ல ஆளிருந்ததா? ஆணையம் இதையேதான் சொன்னது. பாக விலையே வெளியிடப்படாத நிலையில் முழு ஆயுள் செலவை யாரும் கணக்கிட முடியாது. கார் வாங்குவதற்கு முன்னால் வாடிக்கையாளருக்குப் பத்து வழி. வாங்கிய பிறகு ஒரே வழி. ஒரு கம்பெனி காரின் பிரேக் கேலிப்பர் இன்னொரு கம்பெனி காருக்குப் பொருந்தாது. ஐந்து லட்சம் போட்டு வாங்கிய காரை, பாகம் விலை அதிகம் என்று தூக்கிப் போடவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் தன் காரின் பாகச் சந்தையில் தனிக்காட்டு ராஜா. சின்ன கம்பெனியோ பெரிய கம்பெனியோ, எல்லாரும்!

இதே மாதிரி ஒரு வழக்கு அமெரிக்காவில் 1992-லேயே நடந்திருக்கிறது. கோடக் கம்பெனி தன் நகலெடுக்கும் இயந்திரங்களுக்கான பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குத் தர மறுத்தது. 'இயந்திரச் சந்தையில் எங்களுக்குப் போட்டி இருக்கிறதே' என்றது. அது மட்டுமே தப்பிக்கப் போதாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

இரண்டாவது வாதம்: அறிவுசார் சொத்துரிமை. "வடிவமைத்தது நாங்கள், ஆகவே யாருக்கு விற்பது என்பது எங்கள் உரிமை." இந்தியாவில் செல்லுபடியாகும் உரிமை எது, எந்தப் பாகத்துக்கு என்று காட்டச் சொன்னபோது, ஆணையத்துக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. உண்மையான உரிமை இருக்கும் பாகங்களுக்கு ராயல்டி வாங்கிக்கொள்ளலாம், விற்காமல் தடுக்கக் கூடாது என்று ஆணையம் முடித்தது.

மூன்றாவது வாதம்தான் கனமானது: பாதுகாப்பு. பிரேக் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. பயிற்சி இல்லாதவர் கை வைத்தால் உயிர் போகும். சந்தையில் டூப்ளிகேட் பாகங்கள் குவிந்து கிடக்கின்றன.

இதை யாரும் மறுக்க முடியாது. கம்பெனி டப்பாவைப் போலவே அச்சடித்த டப்பாவில் போலி பேட் வருவதும், சூடானால் அது பிடிக்காமல் போவதும் உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரிஜினல் பாகம் கடையில் கிடைக்காத இடத்தில்தானே போலிக்குக் கிராக்கி அதிகம்? பயிற்சி தராமல், கையேடு தராமல், கருவி தராமல் வைத்துவிட்டு, 'அவருக்குத் தெரியாது, ஆகவே தரமாட்டோம்' என்பது என்ன நியாயம்? நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்வது போலத்தான்!

ஆணையம் என்ன உத்தரவிட்டது?

முக்கியமானவை இவை. பாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும். பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள் நேரடியாகக் கடைகளுக்கு விற்பதைத் தடுக்கக் கூடாது. பழுது கண்டுபிடிக்கும் கருவிகள் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பாகங்களின் விலையை இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

பிறகு வாரண்டி. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால், அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். அதாவது, வெளியே பிரேக் பேட் மாற்றியதைக் காட்டி, கெட்டுப்போன ஏ.சி.க்கு வாரண்டி இல்லை என்று சொல்லக் கூடாது!

படிக்கும்போது நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் உத்தரவு எழுதிய தாள் வேறு, ஒர்க் ஷாப் தரை வேறு.

அதற்குப் பிறகு...

கம்பெனிகள் சும்மா இருக்குமா? சிலர் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். சிலர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஆணையத்தின் அமைப்பே அரசியல் சட்டப்படி சரியில்லை என்றார்கள்.

2016 டிசம்பரில் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்கில் முடிவு சொன்னது. தவறு நடந்தது உண்மை, ஆணையத்தின் முடிவு சரி. ஆனால் அபராதத்தை மொத்த விற்றுமுதலில் கணக்கிடக் கூடாது, ஸ்பேர் பார்ட்ஸ் விற்றுமுதலில்தான் கணக்கிட வேண்டும். தொகை சுருங்கியது. 2017-ல் இன்னொரு வழக்கில் (பூச்சிமருந்து மாத்திரை டெண்டர் வழக்கு) உச்ச நீதிமன்றமும் தவறு நடந்த வியாபாரத்தின் விற்றுமுதலையே பார்க்க வேண்டும் என்றது. வேடிக்கை என்னவென்றால், 2023-ல் நாடாளுமன்றம் போட்டிச் சட்டத்தைத் திருத்தி, உலகளாவிய விற்றுமுதல் வரை கணக்கில் எடுக்கலாம் என்று மாற்றிவிட்டது!

2019 ஏப்ரல் 10 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தலைவருக்கு இரண்டாவது ஓட்டு தரும் விதியைச் செல்லாது என்றது. ஆணையத்தின் அமைப்பை ஏற்றுக்கொண்டது. ஒரு பிரேக் பேடின் விலையில் தொடங்கிய வழக்கு, அரசியல் சட்டம் வரை போய்விட்டது பாருங்கள்.

உலகம் என்ன செய்தது?

அமெரிக்காவில் 1975-லேயே ஒரு வாரண்டிச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட பிராண்டு பாகத்தையோ சேவையையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று கட்டிப்போடுவதை அது பொதுவாகத் தடுக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் வெளி மெக்கானிக்குகளுக்கும் அதே தகவலும் கருவியும் வேண்டுமா என்று மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். ஏறக்குறைய 86 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். கார் தானாகவே கம்பியில்லாமல் கம்பெனிக்குத் தகவல் அனுப்ப ஆரம்பித்ததும், 2020-ல் மறுபடி ஓட்டு. மறுபடியும் 'ஆம்'.

இந்தியாவில் 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்து, டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தையும் திறந்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகள் அதில் உண்டு. தகவல் கிடைக்கிறது. சட்டமாகத் தனியே வரவில்லை.

போனவர்களும் இருந்தவர்களும்

அபராதப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். 2014-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரை நிறுத்தியது. 2017-ன் முடிவில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபியட் பெயரில் வந்த கார்களும் நின்றன. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலை நகரில் 2022-ல் கடைசி காரும் வெளியேறியது. லான்சர் செய்த திருவள்ளூர் தொழிற்சாலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன.

பாகமும் சர்வீஸும் தொடரும் என்று போகும்போது கம்பெனிகள் சொன்னதும் உண்மை, செய்ததும் உண்மை. ஆனால் புது கார் விற்காத ஊரில் டீலர் எத்தனை நாள் கடையைத் திறந்து வைத்திருப்பார்? இங்கே அந்த 1954 காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி போய்விட்டது, வண்டி இருக்கிறது, பிரேக் தேய்கிறது. மறுபடியும் அதே மெக்கானிக். ஆனால் இந்த முறை அவர் கையில் ஸ்பேனர் மட்டும் போதாது.

அவரைப் பத்து வருடம் உள்ளே விடாமல் கதவை மூடிவிட்டு, கடைசியில் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போவதுதான் இதில் இருக்கும் பெரிய முரண்.

சரி, எளாவூர் காருக்கு என்ன வழி?

முதலில் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேட் மாற்றுவது, ஷூ மாற்றுவது, டிஸ்க் தேய்மானம் பார்ப்பது, பிரேக் ஆயில் மாற்றுவது... இவை அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடியவை. பேட் மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் சேர்ந்தால் 140 டிகிரி. ஆயில் கொதித்தால் ஆவியாகும், ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இதை நினைவூட்டும் மெக்கானிக் நல்ல மெக்கானிக்.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? பட்டன் கை பிரேக்கா? அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி 'உங்களிடம் இந்த வண்டிக்கான ஸ்கேனர் இருக்கிறதா?' என்பதுதான். இருந்தால் வெளியே செய்யலாம். இல்லையென்றால் கௌரவம் பார்க்காமல் சர்வீஸ் சென்டர்தான். 'இது என்னால் ஆகாது' என்று சொல்லும் மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள், அவர் அபூர்வம்.

வண்டி வாரண்டியில் இருந்தால் பாகத்தின் பில்லையும் கூலியின் பில்லையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பாகத்தைத் தெரிந்த கடையில், டப்பா பிரிக்காமல், செய்த கம்பெனியின் பெயர் பார்த்து வாங்க வேண்டும். கழற்றிய பழைய பேடைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இந்த நான்கும் சர்வீஸ் சென்டருக்கும் பொருந்தும்! அங்கேயும் நன்றாக இருக்கும் பேடை மாற்றச் சொல்பவர்கள் உண்டு, இங்கேயும் தேய்ந்த டிஸ்க்கோடு அனுப்பிவிடுபவர்கள் உண்டு.

ஷோரூம் நல்லதா, மெக்கானிக் நல்லவரா என்பது ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு கையும் சொல்ல வேண்டிய பதில். அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வாங்கியவருக்கு இருக்கிறதா என்பதைத்தான் 2011-ல் அந்தப் புகார் கேட்டது. காரின் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது வாங்கியவர் பெயர்தான். ஆனால் பானெட்டைத் திறக்கும் உரிமை யாருடையது?

எளாவூர் சாவடியில் வண்டிகள் வேகம் குறைகின்றன. பிரேக் பிடிக்கிறது. அதைப் பிடிக்க வைத்தவர் வெள்ளைச் சட்டை போட்டவரா, கிரீஸ் கறை படிந்த சட்டை போட்டவரா என்று டிஸ்க்குக்கும் பேடுக்கும் தெரியாது. வேலை சரியாக நடந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.